பீரா, சூரியனா

பிரிமிதிவோ சுக்கிமியா தன் வாழ்நாளில் எழுதியதெல்லாம் குறிப்புகள்தான். அவற்றை அநேகமாக யாரும் படித்ததில்லை. "10.40: நாய் உள்ளே வந்தது. 10.52: வெளியே போனது." "09.15: கூரையில் பனி, நான்கு விரல் கனம். தள்ளியாயிற்று." "16.05: பசிலியா கதவை அறைந்து சாத்தினாள். காரணம் விசாரிக்கவில்லை." இப்படி நாற்பத்தோரு நோட்டுகள். மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். நோட்டுகள் இருக்கின்றன.

லாபாஸ் நகரத்துக்கு மேலே, ஐயாயிரம் மீட்டர் உயரத்தில், வீலா கொய்யு மலையின் முதுகில் பல்கலைக்கழகம் கட்டிவைத்த நிலையத்துக்கு அவர் முதலில் பனி தள்ளத்தான் வந்தார். அங்கே நீண்ட அறை ஒன்றில் ஈய வளையங்களும் மெழுகுப் பலகைகளும் பொதிந்த பன்னிரண்டு குழாய்கள் மூன்று பெட்டிகளாகக் கிடந்தன. இடது, நடு, வலது. வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் வந்து விழும் துகள்களை அவை இரவு பகல் எண்ணிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை காகிதச் சுருளில் எண் அடிக்கும். கூரையில் பனி கனத்தால் குறைத்து எண்ணும். அதற்காகத்தான் பனி தள்ள ஒரு ஆள். மலையில் எல்லோரும் அந்த இயந்திரத்தைக் கணக்குக்காரி என்றார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய ஆள் ஒருநாள் கீழே இறங்கிப் போனார், திரும்பி வரவில்லை. அதிலிருந்து கணக்குக்காரியைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் பிரிமிதிவோவுக்கே வந்தது.

பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போன எஞ்சினீயர் நோட்டில் 'குறிப்பு' என்ற பத்தியைக் காட்டி, "இந்த அறையில என்ன நடந்தாலும் இதுல எழுதணும்" என்று சொன்னார். எது நடந்தால் எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் பிரிமிதிவோ எல்லாவற்றையும் எழுதினார்.

கார்னிவல் செவ்வாய்க்கிழமை அங்கே வீடு, லாரி, தையல் மெஷின், சந்தைக் கடை என்று சோறு போடுகிற எல்லாவற்றுக்கும் 'சல்யா' உண்டு. பூமித்தாய்க்கு பீரும் சாராயமும் தெளித்து, வண்ணக் காகிதம் தூவி, நாடா சுற்றுவார்கள். கணக்குக்காரிக்கும் சல்யா நடந்தது. ஊற்றியதைப் பிரிமிதிவோ பாட்டில் கணக்கோடு குறித்தார். இருபத்திரண்டு கார்னிவல் இப்படிப் போயின. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இருபத்து மூன்றாவது கார்னிவலில் வந்தது வினை. குறிப்பு இப்படி இருந்தது: "14.20: சல்யா. பீர் மூன்று பாட்டில், சாராயம் அரை பாட்டில். தரை, நான்கு மூலை, வாசல், இயந்திரம்." அதே பக்கத்தில், 14.25க்கு எண் ஏறத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் நூற்றுக்கு மூன்று ஏறி, நாற்பது நிமிடத்தில் சாவகாசமாக இறங்கியது. இருபத்து மூன்று வருடத்தில் கணக்குக்காரி அப்படி ஏறியதே இல்லை.

சூரியன் அன்றைக்குக் கனைத்துத் துப்பியிருந்தது. ஒரு தடவை அல்ல, ஏறத்தாழ ஒரே நேரத்தில் இரண்டு தடவை. ஒன்று அதன் முகத்தின் நடுவே இருந்த கரும்புள்ளியிலிருந்து. இன்னொன்று மேற்கு ஓரத்தில், கன்னம் வளைந்து மறைகிற இடத்திலிருந்து. பூமிக்கு வந்து சேர்ந்த துகள்கள் எந்த இடத்துச் சரக்கு என்பதுதான் கேள்வி. துருவத்துப் பக்கத்து நிலையங்களைக் கேட்டுப் பயனில்லை. அங்கே நோஞ்சான் துகள்கூட நுழைந்துவிடும். பூமியின் காந்தம் நம் மலைப் பக்கம் கதவை இறுக்கிப் பிடித்திருப்பதால், உள்ளே வருவது பலசாலி மட்டும்தான். வீலா கொய்யு ஏறியது உண்மையானால் துகள்கள் அசாத்திய வேகத்தோடு கிளம்பியிருக்க வேண்டும், வந்த நேரத்தை வைத்துப் பார்த்தால் மேற்கு ஓரத்திலிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். வீலா கொய்யுவை விட்டுவிட்டால் பழி நடுப்புள்ளி மேல் விழும்.

இப்படிப்பட்ட நாட்களுக்கென்று உலகத்தில் ஒரு பட்டியல் உண்டு. அதை வைத்திருப்பவர்கள் குறிப்புப் பத்தியைப் படிக்கும் வழக்கம் உள்ளவர்கள். மே மாதம் அவர்களிடமிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. மேற்படி மணி நேரத்தின் எண்கள் பீர் காரணமாக நீக்கப்படுகின்றன என்று அதில் இருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் ஆர்மிந்தா மலை ஏறி வந்தாள். சூரியத் துகள்களின் பூர்வீகம் தேடுவது அவள் வேலை. மேற்கு ஓரம் என்று சொல்லி நாற்பது பக்கம் எழுதி முடித்திருந்தாள்.

"தோன் ப்ரிமி" என்று மரியாதையாகத்தான் தொடங்கினாள், "உங்களை யாரு பீர்னு எழுதச் சொன்னது?"

"ஊத்தினேன், எழுதினேன்."

"எல்லா வருஷமும் ஊத்தறீங்களே. எல்லா வருஷமும் எழுதினீங்களா?"

"எல்லா வருஷமும். போன வருஷம் பன்னெண்டு பாட்டில். அதுக்கு முந்தின வருஷம் பதினாலு. அதுல ஒண்ணு கைதவறி உடைஞ்சது, அதையும் எழுதியிருக்கேன்."

ஆர்மிந்தா நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். "அறைக்கு வெளிய ஊத்தினதா இருந்தா..." என்று இழுத்தாள். பிரிமிதிவோ நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

அடுப்பில் உருளைக்கிழங்கு சூப்பைக் கிளறிக்கொண்டிருந்த அவர் மனைவி பசிலியா திரும்பாமலே சொன்னாள்: "இவரைப் பொய் எழுத வைக்கறதுக்கு, மலையைக் கொஞ்சம் நகந்து நில்லுன்னு சொல்லிப் பாக்கலாம் டாக்டரம்மா. கல்யாணத்தன்னைக்கு கோயில்ல பாதிரியார், சந்தோஷமா பிரிமிதிவோன்னு கேட்டாரு. இவர் என்ன சொன்னாரு தெரியுமா? ஷூ கடிக்குது சாமின்னாரு."

"கடிச்சுது" என்றார் பிரிமிதிவோ.

"அப்ப இந்த மணி போனா போகட்டும்னு விட்டுடலாமா?" என்று ஆர்மிந்தா கேட்டாள்.

"விடக்கூடாது" என்றார். அவர் குரல் அப்படி உயர்ந்து அவள் கேட்டதில்லை. "இத்தனை வருஷத்துல கணக்குக்காரி ஒரே ஒரு தடவைதான் பெருசா ஒண்ணு சொல்லியிருக்கா. என்னால அவளைக் குடிகாரின்னுட்டாங்க. பீரும் இருக்கணும், மணியும் இருக்கணும். ரெண்டும் நடந்துச்சு."

அதன்பிறகு செய்யக்கூடியது ஒன்றுதான். பட்டியல்காரர்களை அழைத்து, அவர்கள் கண் முன்னால் அதே சல்யாவை மறுபடி நடத்தி, பீர் எண்ணை ஏற்றாது என்று காட்ட வேண்டும். ஆர்மிந்தா எழுதிக் கேட்டாள். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஜூன் மாதம் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

"ஜூன்லயா? ஜூன்ல யாரு சல்யா பண்ணுவா?" என்றாள் பசிலியா. "கார்னிவலை விட்டா ஆகஸ்டு. ஆகஸ்டுலதான் பூமித்தாய் வாயைத் திறந்து வெச்சிருப்பா. நினைச்ச நேரத்துல வாயில ஊத்தறதுக்கு அவ என்ன உங்க பல்கலைக்கழகத்து வாஷ்பேசினா?"

ஆர்மிந்தா பட்டியல்காரர்களுக்கு, உள்ளூர் நிலவரம் காரணமாக ஆகஸ்டு முதல் வெள்ளிக்கிழமைதான் சோதனைக்கு ஏற்றது என்று பதில் எழுதினாள். அவர்கள் அதை வானிலை என்று புரிந்துகொண்டார்கள்.

பின்லாந்துக்காரரான டாக்டர் ஹெய்மோ நெட்டையாக, மெல்லிய குரலில் பேசுகிறவராக, இரண்டு பெட்டிகளோடும் ஒரு அளவுக் குடுவையோடும் வந்து இறங்கினார். அவரை ஏற்றி வந்தது குமெர்சிந்தோவின் லாரி. குமெர்சிந்தோ பிரிமிதிவோவுக்குக் கொம்பாத்ரே, அவர் மகளுக்கு ஞானத்தகப்பன். உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தால் எது மூட்டை எது ஆள் என்று தேட வேண்டிய உடம்பு. கார்னிவல் அன்று அங்கே இருந்த மூன்றாவது ஆள் அவர்தான்.

ஹெய்மோ உள்ளூர் மொழியை ஏதோ பழைய புத்தகத்தில் கற்றிருந்தார். இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு, "நான் தங்கள் மலையினால் மிகவும் துன்புறுகிறேன்" என்றார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"ஐயோ பாவம், பிரசங்கம் மாதிரியே பேசுதே" என்று பசிலியா கொக்கா இலைத் தேநீரை ஊற்றிக் கொடுத்தாள். "குடி. பேசாதே. பேசினா மூச்சு போயிடும்."

அவர் தேநீரைக் குடித்துக்கொண்டே நோட்டைப் படித்தார். நாயை, பனியை, பசிலியா அறைந்த கதவை, எல்லாவற்றையும் முதலிலிருந்து. இரண்டு மணி நேரம் கழித்து நிமிர்ந்து, "இத்தகைய குறிப்புகளை நான் எந்த நிலையத்திலும் கண்டதில்லை" என்றார். பாராட்டா புகாரா என்று தெரியாததால் பிரிமிதிவோ தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு எல்லாம் தயார். மூன்று பாட்டில் பீர், அரை பாட்டில் சாராயம், வண்ணக் காகிதம். அளவுக் குடுவையில் ஒவ்வொரு பாட்டிலாக ஊற்றி அளந்து திரும்பப் பாட்டிலில் ஊற்ற ஹெய்மோ ஆரம்பித்ததும் பசிலியா கையைப் பிடித்தாள்.

"சோதனைக்கு ஊத்தினா அவ கோச்சுக்குவா டாக்டர். எதையாவது கேட்டுத்தான் ஊத்தணும். நீதான் வெளியூர்லேர்ந்து வந்தவன். நீயே கேளு, நீயே ஊத்து."

ஹெய்மோ யோசித்தார். "தலைவலி நீங்க வேண்டும் என்று கேட்கலாமா?"

"நல்ல வேண்டுதல். ஊத்து."

அவர் நிதானமாக நடந்துபோய், ஒரு பாட்டில் பீரை முழுவதும் இடது பெட்டியின் உச்சியில், கம்பிகள் வந்து சேருகிற இடத்தில் கவிழ்த்தார். கணக்குக்காரி ஒரு சத்தம் போட்டது. அடுத்த சுருளில் அடித்த எண் வழக்கத்தைவிட ஐந்து மடங்கு.

அறையில் யாரும் மூச்சுவிடவில்லை. அந்த உயரத்தில் அது பெரிய விஷயம்.

"பீர் ஏற்றுகிறது" என்றார் ஹெய்மோ. உண்மையிலேயே அவர் கண்களில் துக்கம் இருந்தது. "நான் வருந்துகிறேன்."

ஆர்மிந்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிரிமிதிவோ பேனாவைத் திறந்து எழுதினார்: "11.32: டாக்டர் ஹெய்மோ இடது பெட்டியின் தலையில் ஒரு பாட்டில் பீர் ஊற்றினார்." எழுதும்போது எழுத்து கோணிப் போனது. எழுதாமல் இருக்கவில்லை.

"அட மனுஷா!" என்று பசிலியாதான் முதலில் கத்தினாள். "தலையில யாராவது ஊத்துவாங்களா? ஞானஸ்நானமா குடுக்கறே? தரைக்கு ஊத்தணும், மூலைக்கு ஊத்தணும், அவளுக்குக் கால்ல நாலு சொட்டு. தலையில ஊத்தினா யாருக்குத்தான் புத்தி கலங்காது?"

"புத்தி கலங்கினது இடது பெட்டிக்கு மட்டும்தான்" என்றார் பிரிமிதிவோ, சுருளைப் பார்த்துக்கொண்டே. "நடுவும் வலதும் தேவலாம்."

ஹெய்மோ மெதுவாகத் திரும்பினார். "கார்னிவல் நாளன்று மூன்று பெட்டிகளும் தனித்தனியே எவ்வாறு எண்ணின? எங்களுக்கு வந்தது கூட்டுத்தொகை மட்டுமே."

பழைய சுருள்களைப் பிரிமிதிவோ பிஸ்கட் டப்பாக்களில் வருடவாரியாகப் போட்டு வைத்திருந்தார். கார்னிவல் சுருளை எடுத்து மேசையில் விரித்தார்கள். மூன்று பெட்டிகளும் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கியிருந்தன. பீர் என்றால் எந்தப் பெட்டியில் ஒழுகியதோ அது மட்டும் துள்ளும். மூன்றும் சேர்ந்து ஏறினால் அது வானத்திலிருந்து வந்தது. ஆர்மிந்தா எழுந்து பசிலியாவைக் கட்டிக்கொண்டாள். குமெர்சிந்தோ மீதி இரண்டு பாட்டிலையும் பார்த்து, "அப்ப இதை இனிமே..." என்றார்.

"பொறுங்கள்" என்றார் ஹெய்மோ.

அவர் விரல் நடுப்பெட்டியின் வரிசையில் நின்றது. மூன்றும் ஏறியது உண்மை. ஆனால் நடு மட்டும் மற்ற இரண்டையும்விடக் குறைவாக ஏறியிருந்தது. நூற்றுக்கு ஒன்றரை குறைவு. 14.25லிருந்து 15.05 வரை, நாற்பது நிமிடமும். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"சூரியன் நடுவை மட்டும் வெறுப்பதில்லை" என்றார் ஹெய்மோ. "இதற்குக் காரணம் தெரியாமல் இந்த மணியை நான் பட்டியலில் சேர்க்க இயலாது. அந்த நாற்பது நிமிடம் நடுப்பெட்டியின் மீது ஏதோ இருந்திருக்கிறது. பனிபோல. நீர் நிறைந்த, கனமான ஏதோ ஒன்று."

எல்லோருடைய கண்களும் குமெர்சிந்தோவின் மேல் போயின.

"என்ன பாக்கறீங்க?" என்றார் அவர்.

லாரியில் இருந்த உருளைக்கிழங்குத் தராசை இறக்கி, உத்தரத்தில் கட்டி, குமெர்சிந்தோவைத் தொங்கவிட்டு நிறுத்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு கிலோ வந்தது. கயித்துக்கு ரெண்டு கிலோ கழிக்கணும் என்றார் அவர். கழித்தார்கள். பிறகு நடுப்பெட்டியின் மேல் சாய்ந்து நிற்கச் சொல்லி இருபது நிமிடம் எண்ணினார்கள். நடுப்பெட்டியின் எண் இறங்கியது. நின்று பார்த்தால் இவ்வளவு, குனிந்தால் இவ்வளவு என்று ஹெய்மோ அட்டவணை போட்டார். மனித உடம்பு என்பது பெரும்பாலும் தண்ணீர், தண்ணீர் துகளைத் தடுக்கும் என்று ஆர்மிந்தா விளக்கினாள்.

"அப்ப நான் சூரியனையே மறைச்சிருக்கேன்!" குமெர்சிந்தோவுக்குப் பெருமை தாங்கவில்லை. "வீட்டுக்காரிகிட்ட சொல்லணும். தெனமும் ஜன்னலை மறைக்கறேன்னு திட்டறா."

"அன்னைக்கு நீ எங்க இருந்தே?" என்று பசிலியா கேட்டாள். "தெளிச்சு முடிச்சதும் நான் மேல கற்குவியல்ல பூமித்தாய்க்குக் காணிக்கை எரிக்கப் போயிட்டேன். திரும்பி வர்றப்ப மூணு மணிக்கு மேல. நீ லாரிலதானே இருந்தே?"

குமெர்சிந்தோ ஒரு கணம் பிரிமிதிவோவைப் பார்த்தார். பிரிமிதிவோ சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாரில இருந்தேன்" என்றார் குமெர்சிந்தோ. "அப்புறம் தீப்பெட்டி தேடி உள்ள வந்தேன். குளிரு. கணக்குக்காரி மேல கதகதன்னு இருந்துச்சு. அப்படியே நடுவுல குப்புறச் சாஞ்சு தூங்கிட்டேன். நாப்பது நிமிஷம் இருக்கும். எழுதிக்குங்க டாக்டர். நான்தான்."

ஹெய்மோ பென்சிலைக் கையில் எடுத்தார். ஆர்மிந்தாவின் முகம் மலர்ந்தது. அது எழுதப்பட்டுவிட்டால் வேலை முடிந்தது. மணி பட்டியலுக்குப் போகும், துகள்கள் மேற்கு ஓரத்துக்குப் போகும், ஹெய்மோ தலைவலியோடு விமானத்துக்குப் போவார்.

பிரிமிதிவோவுக்குத் தெரியும், குமெர்சிந்தோ அன்று தீப்பெட்டிக்காகக் கதவைத் திறந்தார், இரண்டு நொடி நின்றார், சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுத் தீப்பெட்டி இல்லாமலே போனார். அதைப் பற்றி அவர்கள் இருவரும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது கொம்பாத்ரே தன் நூற்றுப் பத்துக் கிலோவையும் தூக்கி, பிரிமிதிவோ இருந்த இடத்தில் வைக்கிறார். பேசாமல் இருந்தால் போதும். எழுதப்போவது அவர்கூட இல்லை, ஹெய்மோ.

"அவர் எடையைப் போட்டா குறைவு பொருந்துதா டாக்டர்?" என்று கேட்டார் பிரிமிதிவோ.

ஹெய்மோ அட்டவணையைப் பார்த்தார். "இவர் சற்று அதிகம். எனினும் ஏற்கத்தக்கதே."

"எழுதாதீங்க" என்றார் பிரிமிதிவோ. "அவர் இல்லை."

"கொம்பாத்ரே, சும்மா இரு" என்றார் குமெர்சிந்தோ.

"அவர் தூங்கலை. அவர் லாரிலதான் இருந்தாரு. மேல இருந்தது நான்."

"நீயா?" பசிலியா கரண்டியோடு திரும்பினாள். "நீ கிழங்கு உரிச்சுக்கிட்டு இருந்தேன்னு சொன்னியே."

"கிழங்கு முன்னாடியே உரிச்சுட்டேன்."

"அப்ப மெஷின் மேல என்ன பண்ணினே?"

அவர்களுடைய மகள் நியேவெஸ் பள்ளிக்கூட ஆசிரியை. கார்னிவலுக்கு முந்தைய டிசம்பரில் அவள் போன பஸ் யுங்காஸ் பாதையில் பள்ளத்தில் விழுந்தது. துக்க வருடம் என்பதால்தான் அந்தக் கார்னிவலுக்குப் பன்னிரண்டுக்குப் பதில் மூன்று பாட்டில், மூன்று ஆட்கள், வாத்தியம் இல்லை. அடக்கத்தின்போதும் பிறகும் பிரிமிதிவோ அழுது யாரும் பார்க்கவில்லை. பசிலியா அதை அவரிடம் ஒருநாள் கேட்டும்விட்டாள். கல்லா நீ, என்று. அவர் பனி தள்ளப் போய்விட்டார்.

"அழுதேன்" என்றார் இப்போது. "வீட்டுல அழுதா நீ பாப்பே. வெளிய அழுதா கண்ணுல உறையுது. இவ மட்டும்தான் கதகதன்னு இருப்பா. கையை விரிச்சு, முகத்தை வெச்சுப் படுத்தேன். ரெண்டரைக்கு முன்னாடி படுத்தேன், மூணு மணிக்கு மேல எந்திரிச்சேன். எண் ஏறினதை அப்புறம்தான் பாத்தேன்."

"ஏன் எழுதலை?" என்று ஆர்மிந்தா மெல்லக் கேட்டாள்.

"எழுதியிருக்கணும்" என்றார். அவர் அதை ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்கிற மாதிரிச் சொன்னார். "அறையில என்ன நடந்தாலும்னு சொன்னாரு எஞ்சினீயர். அது ஒண்ணை எழுதலை."

ஹெய்மோ பென்சிலைக் கீழே வைத்தார். அவர் படித்த பழைய புத்தகத்தில் இந்த இடத்துக்கு வாக்கியம் எதுவும் இல்லைபோலிருக்கிறது. கடைசியில், "தங்கள் எடை எவ்வளவு?" என்று கேட்டார்.

"அறுபத்தெட்டு."

"அன்று படுத்ததுபோலவே படுக்க முடியுமா? நாற்பது நிமிடம். நான் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்."

குமெர்சிந்தோவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மனசுன்னு ஒண்ணு இருக்கா உனக்கு? அழுத மனுஷனை மறுபடி படுக்கச் சொல்லி அளக்கப் பாக்கறியா?"

"படுக்கறேன்" என்றார் பிரிமிதிவோ. "சரியா அளக்கட்டும்."

அந்த மணி இப்போது பட்டியலில் இருக்கிறது. ஆர்மிந்தாவின் நாற்பது பக்கமும் அச்சேறிவிட்டது. அன்றைய துகள்கள் சூரியனின் மேற்கு ஓரத்திலிருந்து கிளம்பியவை என்று அதைப் படிப்பவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். பட்டியலில் வீலா கொய்யு என்ற பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு உண்டு. நடுப்பெட்டியின் எண் அதன் மேல் கிடந்த ஓர் ஆளுக்காகத் திருத்தப்பட்டது, எடை அறுபத்தெட்டு கிலோ, பீரால் பாதிப்பு இல்லை. குமெர்சிந்தோ அதைக் கேள்விப்பட்டு, தன்னுடைய நூற்றுப் பத்தை ஏன் சேர்க்கவில்லை என்று ஆர்மிந்தாவிடம் வருடக்கணக்கில் சண்டை பிடித்தார்.

அதெல்லாம் பின்னால். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரிமிதிவோ தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நடுப்பெட்டியின் மேல் ஏறி, கைகளை விரித்து, இடது கன்னத்தை மெழுகுப் பலகையில் வைத்துப் படுத்தார். கால் ஒன்று கீழே தொங்கியது. அன்று இப்படித்தான் தொங்கியதா என்று ஹெய்மோ கேட்டார். ஆமாம் என்றார்.

பசிலியா அவர் பக்கம் நடந்தாள். ஹெய்மோ கைநீட்டி மறித்தார்.

"மன்னிக்க வேண்டும் அம்மா. அன்று தாங்கள் இங்கே இல்லை. தாங்கள் அருகே சென்றால் எண் மாறிவிடும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கரண்டி இன்னும் கையில் இருந்தது. அதை அவர் தலையில் போடப் போகிறாள் என்று குமெர்சிந்தோ உட்பட எல்லோரும் நினைத்தார்கள்.

"எவ்வளவு தள்ளி நின்னா மாறாது?"

ஹெய்மோ அட்டவணையைப் புரட்டினார். "நான்கு மீட்டர்."

அவள் கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டு, பெட்டியின் விளிம்பிலிருந்து நீட்டி நான்கு எட்டு அளந்து வைத்தாள். தன் எட்டு சின்னது என்று தோன்றியதால் இன்னும் ஒன்று வைத்தாள். திரும்பி நின்றாள்.

அவருடைய முதுகு அவளுக்கு நேராகத் தெரிந்தது. முதலில் அது சும்மா இருந்தது. ஏழெட்டு நிமிடத்துக்குப் பிறகு குலுங்க ஆரம்பித்தது. சத்தம் வரவில்லை. காகிதச் சுருள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடகடவென்று அடித்துவிட்டு அடங்கியது. ஆர்மிந்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குமெர்சிந்தோ லாரிக்குப் போய்விட்டார். பசிலியா இரண்டு கையாலும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு அடி முன்னால் வைக்காமல், நாற்பது நிமிடமும் நின்றாள்.

எட்டாவது தடவை எண் அடித்தது. ஹெய்மோ சுருளைக் கிழித்து, வாசித்து, இரண்டாக மடித்தார்.

"இப்ப நான் கிட்ட போலாமா?" என்று பசிலியா கேட்டாள்.

"போகலாம்" என்றார் ஹெய்மோ.

அவள் போனாள்.